பாப்பா, தம்பி பேர்ல நீண்டகால சேமிப்பு: எங்க ஆரம்பிக்கறது, யார் பேர்ல போடறது?

கேட்டவர்: பனியன்கம்பெனி_அப்பா (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை கேக்கறேன், தப்பா கேட்டிருந்தா சொல்லுங்க.

எனக்கு ரெண்டு குழந்தைங்க. பாப்பாவுக்கு 4 வயசு, தம்பிக்கு 8 மாசம். எங்கப்பா போன மாசம் மில்லுல இருந்து ரிட்டயர் ஆனாரு, கிராஜுவிட்டி வந்ததுல ரெண்டு லட்சத்தை எடுத்து வச்சு "ஆளுக்கு ஒண்ணுன்னு பேரப்புள்ளைங்க பேர்ல போட்டுடு, நீ எடுத்து செலவு பண்ற மாதிரி இருக்கக் கூடாது"ன்னு கண்டிஷனா சொல்லிட்டாரு (என்னைப் பத்தி அவருக்கு நல்லாவே தெரியும், 2019-ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கதை இருக்கு, அதை விடுங்க). அதுபோக மாசம் 6,000 வரைக்கும் என்னால ஒதுக்க முடியும், சில மாசம் ஆர்டர் இல்லைன்னா கொஞ்சம் இழுபறியா இருக்கும்.

வீட்டுல ஆளுக்கு ஒரு பேச்சு. அம்மா நகை எடுத்து வைன்னு சொல்றாங்க. வீட்டுக்காரம்மா செல்வமகள்ல (பொண்ணுங்களுக்கான கவர்மென்ட் சேமிப்புத் திட்டம்) போடுங்கன்னு சொல்றாங்க, ஆனா அது பாப்பாவுக்கு மட்டும்தானே, தம்பிக்கு என்ன பண்றது? மச்சான் மியூச்சுவல் ஃபண்ட்னு சொல்றாரு. பக்கத்து வீட்டு அண்ணா ஒரு சில்ட்ரன்ஸ் பாலிசி பேப்பரோட நேத்து வந்துட்டாரு. குழந்தை பேர்லயே அக்கவுண்ட் ஓபன் பண்றது நல்லதா, இல்ல நம்ம பேர்லயே போட்டு வச்சு பின்னாடி குடுத்துக்கலாமா? அப்பாவே கார்டியனா இருந்து ஓபன் பண்ண முடியுமான்னும் கேக்கறாரு.

கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க, எனக்கு பங்கு மார்க்கெட் எல்லாம் சுத்தமா தெரியாது.

பதில்: பவுன்பிரியை

பொம்பளப்புள்ள இருக்கற வீட்டுல வருஷம் ஒரு தங்கக் காசு எடுத்து வைங்க தம்பி. 15 வருஷம் கழிச்சு பாருங்க, மத்தது எல்லாம் அப்புறம்.

பதில்: மாட்டுத்தாவணி_அம்மா

பவுன்பிரியை அக்கா சொல்றதை நான் மறுக்கல, ஆனா நகையா எடுத்தா கூலி சேதாரம் போயிடும், அவசரத்துக்கு அடகு கடைக்குத்தான் முதல்ல அதுதான் போகும், இவங்கப்பா போட்ட கண்டிஷனே அதுதானே, கைக்கு எட்டக் கூடாதுன்னு.

என் பொண்ணுக்கு 2016-ல செல்வமகள் ஆரம்பிச்சேன், அப்ப அவளுக்கு ரெண்டு வயசு. அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன். 10 வயசுக்குள்ள இருக்கற பொண்ணுக்குத்தான் ஓபன் பண்ண முடியும். வருஷத்துக்கு குறைஞ்சது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் பணம் கட்டணும், அக்கவுண்ட் ஆரம்பிச்ச நாள்ல இருந்து 21 வருஷம் முடிஞ்சா முழுசா கைக்கு வரும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க, *பொண்ணுக்கு* 21 வயசுன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. உங்க பாப்பாவுக்கு இப்ப 4 வயசுன்னா முடியறப்ப அவளுக்கு 25. நடுவுல 18 வயசு ஆனாலோ பத்தாவது பாஸ் பண்ணாலோ படிப்புக்குன்னு அதுக்கு முந்தின நிதியாண்டு முடிவுல இருந்த பேலன்ஸ்ல பாதி வரைக்கும் எடுக்கலாம், காலேஜ் அட்மிஷன் பேப்பர், ஃபீஸ் ரசீது காட்டணும். கல்யாணம்னா 18-க்கு அப்புறம் மொத்தமா மூடிக்கலாம்.

வட்டி நிரந்தரம் கிடையாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கவர்மென்ட் அறிவிக்கும். நான் சேந்தப்ப 9 சொச்சம் இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல 7.6-க்கு இறக்கிட்டாங்க, மூணு வருஷம் அப்படியே கிடந்துச்சு, 2024 ஜனவரியில 8.2 ஆச்சு. யாராவது 21 வருஷத்துக்கு இத்தனை லட்சம்னு உறுதியா சொன்னா நம்பாதீங்க, அது இன்னைக்கு வட்டியை வச்சு போட்ட கணக்கு, அவ்ளோதான்.

இன்னொண்ணு, மாசம் 5-ம் தேதிக்குள்ள கட்டிடுங்க. 5-ம் தேதி முடிஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் எது குறைஞ்ச பேலன்ஸோ அதுக்குத்தான் அந்த மாச வட்டி. 6-ம் தேதி போட்டா அந்த மாசம் அம்போ. நான் ரெண்டு வருஷம் இது தெரியாம சம்பளம் வர்ற 7-ம் தேதி கட்டிட்டு இருந்தேன். மொத்தமா போடறதுன்னா ஏப்ரல் 5-க்குள்ள போட்டா முழு வருஷத்துக்கும் வட்டி வரும். ஏதாவது ஒரு வருஷம் 250 கூட கட்டாம விட்டா அக்கவுண்ட் நின்னுடும், ஆனா வருஷத்துக்கு 50 ரூபா அபராதம் கட்டி திரும்ப உசுப்பிக்கலாம், அதனால ஆர்டர் இல்லாத மாசத்தை நினைச்சு பயப்படாதீங்க.

உங்கப்பா குடுத்த ஒரு லட்சம் மட்டும் போட்டு வச்சாலே (வருஷா வருஷம் 250 தவிர வேற எதுவுமே கட்டாம), 8.2 அப்படியே நீடிச்சா 21 வருஷத்துல 5 லட்சத்து 20 ஆயிரம் கிட்ட வரும். அவரே கார்டியனா இருக்க முடியாது. அப்பா அம்மா இருக்கறப்ப தாத்தா பாட்டி ஓபன் பண்ணக் கூடாது, முன்னாடி சில இடத்துல அப்படி ஓபன் ஆனதை எல்லாம் 2024 அக்டோபருக்கு அப்புறம் பெத்தவங்க பேருக்கு மாத்த சொன்னாங்க. நீங்களோ வீட்டுக்காரம்மாவோ கார்டியன், பணம் மட்டும் தாத்தாவோடது, அவ்ளோதான்.

பதில்: ஆடிட்ஆபீஸ்_பையன்

அக்கா செல்வமகளைப் பத்தி நல்லா சொல்லிட்டாங்க, நான் தம்பி விஷயத்தையும் வரி விஷயத்தையும் சொல்றேன்.

பையனுக்கு செல்வமகள் மாதிரி தனி திட்டம்னு எதுவும் இல்ல ப்ரோ. 'பொன்மகன்'னு 2015-ல தமிழ்நாட்டு போஸ்ட் ஆபீஸ்ல விளம்பரம் வந்துச்சே, பேரு புதுசு, உள்ள இருக்கறது பழைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி, இதுவும் கவர்மென்ட் சேமிப்புதான்) தான். வட்டி 2020 ஏப்ரல்ல இருந்து 7.1. பொண்ணுக்கு 8.2, பையனுக்கு 7.1, ஓரவஞ்சனைன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் புலம்புவாரு :) பிபிஎஃப்ல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. உங்க சொந்த பிபிஎஃப்பும் பையன் பேர்ல நீங்க கார்டியனா இருக்கற பிபிஎஃப்பும் சேத்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்தான் லிமிட். தாண்டி போட்டா அந்த கூடுதல் பணத்துக்கு வட்டி கிடையாது. உங்களுக்கு ஏற்கனவே பிபிஎஃப் இருந்து அதுல நிறைய போடறீங்கன்னா, பையனுக்கு வீட்டுக்காரம்மா கார்டியனா இருந்து ஓபன் பண்ணட்டும். செல்வமகளுக்கு இந்த சிக்கல் இல்ல, அதோட லிமிட் தனி.

வரி. இது நிறைய பேருக்கு தெரியாது. குழந்தை பேர்ல எஃப்டி போட்டா வரி வராதுன்னு ஊர்ல எல்லாரும் நினைக்கறாங்க. மைனர் குழந்தையோட வட்டி, லாபம் எல்லாம் அப்பா அம்மாவுல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேத்துதான் வரி போடுவாங்க. பணம் தாத்தா குடுத்ததா இருந்தாலும் சேர்றது உங்க கணக்குலதான், தாத்தா கணக்குல இல்ல. தாத்தா குடுத்த அன்பளிப்புக்கு வரி இல்ல, அதுல இருந்து வர்ற வருமானத்துக்குத்தான் இந்த கதை. குழந்தைக்கு 1,500 ரூபா கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான், அந்த 1,500-ஐ வச்சு இன்னைக்கு ஒரு யூனிஃபார்ம் செட் கூட எடுக்க முடியாது.

செல்வமகள், பிபிஎஃப் ரெண்டுக்கும் வட்டி வரி இல்லாதது, அதனால இந்த தலைவலியே இல்ல. புதிய வரி முறையில இருந்தா கட்டற பணத்துக்கு வரிக் கழிவு (80சி-ன்னு சொல்லுவாங்களே அது) கிடைக்காது, ஆனா வட்டியும் முதிர்வும் அப்பவும் வரி இல்லாததுதான். மியூச்சுவல் ஃபண்ட்ல குரோத் ஆப்ஷன் (லாபத்தை நடுவுல வெளிய குடுக்காம ஃபண்ட்லயே சேக்கறது) எடுத்து, பையனுக்கு 18 தாண்டற வரைக்கும் விக்காம வச்சிருந்தா நடுவுல உங்க கணக்குல சேர எதுவுமே இல்ல, அப்புறம் விக்கறப்ப அது அவன் கணக்கு. பங்கு ஃபண்ட்ல ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா இப்ப வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5%.

என்பிஎஸ் வாத்சல்யான்னு 2024 செப்டம்பர்ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, யாராவது அதையும் உங்க தலையில கட்டப் பாப்பாங்க. அடிப்படையில அது பென்ஷன். ஆரம்பிச்சப்ப இருந்த ரூல்படி 18 வயசுல வெளிய வரணும்னா, ரெண்டரை லட்சத்துக்கு மேல இருந்தா 80% பென்ஷன் வாங்கறதுல போகணும், 20% தான் கையில-ன்னு இருந்துச்சு, இப்ப ரூல் என்னன்னு பாத்துக்கோங்க. காலேஜ் ஃபீஸுக்கு சேக்கறவங்க அங்க போய் என்ன பண்றது? புள்ளைக்கு 60 வயசுல பென்ஷன் வரணும்னு இப்பவே ஆசைப்படறவங்களுக்கு ஓகே.

பதில்: ஹாஸ்டல்_ஃபீஸ்_அங்கிள்

நான் மத்தவங்க சொல்லாத ஒண்ணை சொல்றேன், ஏன்னா பட்டவன் நான்.

பெரியவ பேர்ல 2011-ல ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி (மாசா மாசம் ஒரு தொகை தானா போறது) ஆரம்பிச்சேன், மாசம் 2,000. மைனர் ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு), அதுல அவ மட்டும்தான் ஓனர், ஜாயின்ட் கிடையாது, நாமினியும் கிடையாது, நான் கார்டியன். ஜம்முன்னு போயிட்டு இருந்துச்சு. அவளுக்கு 18 ஆன அன்னையோட எஸ்ஐபி நின்னுடுச்சு, ஃபோலியோவை முடக்கிட்டாங்க. லெட்டர் முன்னாடியே வந்திருக்கு, நான்தான் விளம்பரம்னு நினைச்சு பிரிக்கல. என் கையெழுத்து அதுக்கப்புறம் செல்லாது. மைனர்ல இருந்து மேஜருக்கு மாத்தற ஃபார்ம் குடுக்கணும், அவ கையெழுத்தை பேங்க்ல அட்டெஸ்ட் பண்ணணும், அவளுக்கு தனியா கேஒய்சி பண்ணணும். கேஒய்சிக்கு பேன் கார்டு வேணும், மைனரா இருக்கறப்ப வாங்கின பேன்ல ஃபோட்டோவும் இருக்காது கையெழுத்தும் இருக்காது, அதை அப்டேட் பண்ணி புது கார்டு வரணும். பேங்க்ல போனா அக்கவுண்டே இன்னும் மைனர் அக்கவுண்ட்டா இருக்கு, முதல்ல அதை மாத்துங்க, பொண்ணை நேர்ல கூட்டிட்டு வாங்கன்னாங்க. பொண்ணு அப்ப கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல. ஃபீஸ் கட்ட கடைசி தேதி ஜூலை 20. பணம் கண்ணு முன்னாடி ஸ்க்ரீன்ல தெரியுது, தொட முடியல. ரெண்டு தடவை பஸ்ஸுல வந்துட்டு போனா, மொத்தம் ஆறு வாரம் ஆச்சு. நடுவுல மச்சினன் கிட்ட கைமாத்து வாங்கித்தான் ஃபீஸ் கட்டினேன். சேத்து வச்ச பணம் இருக்கறப்ப கடன் வாங்கினவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்.

இதுக்காக குழந்தை பேர்ல போடாதீங்கன்னு சொல்லல. போட்டா 17 வயசு ஆனதும் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க. பிறந்தநாள் முடிஞ்ச வாரமே பேன் அப்டேட், பேங்க், கேஒய்சின்னு வரிசையா முடிச்சுடுங்க. விக்கற பணம் குழந்தையோட பேங்க் அக்கவுண்டுக்குத்தான் வரும், உங்க அக்கவுண்டுக்கு வராது, அதனால அவன் பேர்ல ஒரு சேவிங்ஸ் இப்பவே ஆரம்பிச்சு வைங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. 18 ஆனதும் அது *அவங்க* பணம். சட்டப்படி நீங்க ஒண்ணும் கேக்க முடியாது. என் பொண்ணு தங்கம். ஆனா என் கூட வேலை பாக்கறவரோட பையன் 18 வயசுல அந்த பணத்தை எடுத்து பைக் வாங்கிட்டான், மூணு லட்சத்து சொச்சம். அவரு இன்னைக்கும் அந்த பைக் சத்தம் கேட்டா டீயை கீழ வச்சிடுவாரு. அதனால சின்னவனுக்கு நான் என் பேர்லயே ஒரு தனி ஃபோலியோ வச்சிருக்கேன், நாமினி அவன். ஆப்ல அந்த இலக்குக்கு அவன் பேரை போட்டு வச்சிருக்கேன், வேற எதுக்கும் தொடறதில்ல. தொட மாட்டேங்கற நம்பிக்கை உங்களுக்கு உங்க மேல இருக்கணும், உங்க கார் கதையை படிச்சா அதுல கொஞ்சம் டவுட்டு :)

கேட்டவர்: பனியன்கம்பெனி_அப்பா

அங்கிள், கார் கதையை விட்டுடுங்கன்னு சொன்னேனே ஹாஹா. ஆனா நீங்க சொன்னதுதான் மண்டையில ஏறுச்சு. 18 வயசு விஷயத்தை இதுவரைக்கும் எங்கிட்ட யாருமே சொல்லல, மச்சானும் சொல்லல.

அந்த சில்ட்ரன்ஸ் பாலிசி பத்தி யாராவது சொல்லுங்க ப்ளீஸ். பக்கத்து வீட்டு அண்ணா சாயங்காலம் திரும்ப வருவாரு, முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல எனக்கு வராது. அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டாலும் குழந்தைக்கு பணம் வரும்னு சொல்றாரு, அது நல்ல விஷயம்தானே?

பதில்: சரண்டர்_வேல்யூ

நல்ல விஷயம்தான், ஆனா அதை தனியா வாங்குங்க.

சொந்தக்காரர் ஒருத்தர் ஏஜென்ட், அவருக்காக எடுத்தேன், கம்பெனி பேரு வேண்டாம். வருஷம் 40,000, 15 வருஷம் கட்டணும், 18-வது வருஷ முடிவுல போனஸோட சேத்து பத்தரை லட்சம் வரும்னு ஒரு பேப்பர்ல அழகா டேபிள் போட்டு காட்டினாரு. ஆறு லட்சம் கட்டி பத்தரை லட்சம்னதும் எனக்கும் கண்ணு விரிஞ்சுது. நாலு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல ஒரு பையன் எக்ஸெல்ல போட்டு காட்டினான், வருஷத்துக்கு 5% தான். இன்சூரன்ஸ் தொகை எவ்ளோன்னு பாத்தா அது அஞ்சு லட்சமோ என்னமோ. நான் போய்ட்டா என் குடும்பம் அஞ்சு லட்சத்துல எத்தனை மாசம் ஓட்டும்? நிறுத்தலாம்னு போனா சரண்டர்ல (பாதியிலயே மூடி பணத்தை வாங்கறது) கட்டினதுல பாதி கூட தேறாதுன்னாங்க. கடைசியில பெய்ட்-அப் (மேல கட்டாம, கட்டின வரைக்கும் பாலிசியை வச்சுக்கறது) பண்ணி விட்டுட்டேன், அது பாட்டுக்கு கிடக்கு.

உங்களுக்கு ஏதாவது ஆனா குழந்தைக்கு பணம் வேணும்னா உங்க பேர்ல ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (சேமிப்பு இல்லாம, உயிருக்கு ஏதாவது ஆனா மட்டும் பணம் வர்றது) எடுங்க, கம்பெனியில மெடிக்கல், பிஎஃப் எல்லாம் பாத்துட்டு. சம்பாதிக்கறது நீங்க, அதனால இன்சூரன்ஸ் இருக்க வேண்டியது உங்க பேர்ல, 8 மாசக் குழந்தை பேர்ல இல்ல. அதுக்கப்புறம்தான் செல்வமகள், எஸ்ஐபி எல்லாம். பக்கத்து வீட்டு அண்ணா கிட்ட "அப்பா வேற இடத்துல போட்டுட்டாரு"ன்னு சொல்லிடுங்க. பெரியவங்க மேல பழியைப் போட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

பதில்: ஷார்ஜா_கரூர்

நடுவுல ஒரு சின்ன கேள்வி, நான் வெளிநாட்டுல இருக்கேன், என் பொண்ணுக்கு செல்வமகள் ஓபன் பண்ண முடியுமா?

பதில்: ஆடிட்ஆபீஸ்_பையன்

முடியாது ப்ரோ. பொண்ணு இந்தியாவுல குடியிருக்கற இந்திய பிரஜையா இருக்கணும், என்ஆர்ஐ-க்கு செல்வமகளும் இல்ல, புதுசா பிபிஎஃப்பும் இல்ல. மியூச்சுவல் ஃபண்ட் முடியும், என்ஆர்இ இல்லன்னா என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான பேங்க் அக்கவுண்ட்) மூலமா. தனி கேள்வியா போடுங்க, இதுலயே பேசினா இவர் குழம்பிடுவாரு.

திருப்பூர் ப்ரோவுக்கு: நானா இருந்தா என்ன பண்ணுவேன்னு சொல்றேன், அறிவுரையா எடுத்துக்காதீங்க. பாப்பா பங்கு ஒரு லட்சம் செல்வமகள்ல. தம்பி பங்கு ஒரு லட்சம் அவன் பேர்ல பிபிஎஃப்ல, 7.1 நீடிச்சா 15 வருஷத்துல 2.8 லட்சம் கிட்ட ஆகும், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். ரெண்டும் உங்க கைக்கு சுலபத்துல எட்டாது, அப்பாவுக்கும் நிம்மதி. மாசம் 6,000-ல 3,000-ஐ நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட்ல (50 பெரிய கம்பெனி பங்குகளை மொத்தமா வாங்கற ஃபண்ட்) உங்க பேர்ல போடுங்க, ஆர்டர் இல்லாத மாசம் நிறுத்தி வைக்கலாம். 18 வருஷம் போட்டா கட்டினது ஆறரை லட்சம், வருஷத்துக்கு சராசரி 10% வந்தா 18 லட்சம், 6% தான் வந்துச்சுன்னா பதினொன்றரை லட்சம். நடுவுல பாதியா விழுந்த மாதிரி கூட ஒரு வருஷம் வரும், அப்ப எடுத்துட்டு ஓடறவங்க பணம்தான் போகும். மிச்சம் 3,000 செல்வமகளுக்கு.

பாப்பாவுக்கு காலேஜ் நெருங்கற கடைசி மூணு வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஃபண்ட்ல இருந்து எஃப்டிக்கு மாத்துங்க. 2020 மார்ச்ல கொரோனாவால மார்க்கெட் விழுந்தப்ப, ஃபீஸ் கட்ட வச்சிருந்தவங்க முகத்தை நான் பாத்திருக்கேன்.

பதில்: பவுன்பிரியை

எல்லாரும் சேந்து பவுனை மறந்துட்டீங்க.

பதில்: மாட்டுத்தாவணி_அம்மா

மறக்கல அக்கா, அவங்கம்மா எப்படியும் எடுத்து வச்சிடுவாங்க, அதை இவரால தடுக்க முடியாது :)

தம்பி, ஆடிட் தம்பி சொன்னதுல ஒண்ணு சேக்கறேன். 21 வருஷம் கழிச்சு வர்ற பணத்தை இன்னைக்கு பணம் மாதிரி நினைக்காதீங்க. மாசம் 5,000 செல்வமகள்ல போட்டா 27, 28 லட்சம் வரும்னு கணக்கு காட்டும். விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறுச்சுன்னு வச்சுக்கோங்க, அந்த 28 லட்சம் இன்னைக்கு எட்டு லட்சத்துக்கு சமானம். எட்டு லட்சத்துக்கு இன்னைக்கு எந்த காலேஜ்ல எத்தனை வருஷம்னு நீங்களே பாத்துக்கோங்க. அதனால சம்பளம் ஏறறப்ப எஸ்ஐபியையும் ஏத்துங்க.

கேட்டவர்: பனியன்கம்பெனி_அப்பா

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்பாவை உக்கார வச்சு முழுசா படிச்சு காட்டினேன். பைக் கதை வந்ததும் ரொம்ப நேரம் சிரிச்சாரு, அப்புறம் சீரியஸாகி "தம்பி பணம் நீ சொன்ன பிபிஎஃப்லயே இருக்கட்டும்"னுட்டாரு. கார்டியனா தன் பேரு வராதுங்கறதுல மட்டும் கொஞ்சம் வருத்தம், பாஸ்புக்கை அவர்தான் வச்சுப்பேன்னு சொல்லிட்டாரு, சரின்னுட்டேன். டேர்ம் இன்சூரன்ஸுக்கு மெடிக்கல் டெஸ்ட் அடுத்த வாரம். பக்கத்து வீட்டு அண்ணா கிட்ட அப்பா மேல பழியைப் போட்டாச்சு.

நாளைக்கு செல்வமகளுக்கு பேப்பர் எல்லாம் எடுத்து வைக்கறேன், அங்க ஒரு சிக்கல். பர்த் சர்ட்டிஃபிகேட்ல பாப்பா பேரு மட்டும் இருக்கு, ஆதார்ல இனிஷியலோட இருக்கு. பிரச்சனை வருமா?

பதில்: ஆடிட்ஆபீஸ்_பையன்

இப்பவே ஒரே மாதிரி ஆக்கிடுங்க ப்ரோ, தள்ளிப் போடாதீங்க. பின்னாடி பேன் வாங்கறப்ப இனிஷியலை ஏத்துக்க மாட்டாங்க, அப்பா பேரை முழுசா விரிச்சு போடணும், அப்ப மூணு இடத்துல மூணு மாதிரி இருக்கும். ஆதாரை முதல்ல திருத்துங்க, அதுக்கப்புறம் அக்கவுண்ட். தம்பிக்கு ஆதார் இன்னும் எடுக்கலைன்னா ஆரம்பத்துலயே பர்த் சர்ட்டிஃபிகேட்ல எப்படி இருக்கோ அப்படியே எடுங்க.

பதில்: ஹாஸ்டல்_ஃபீஸ்_அங்கிள்

அப்பா கிட்ட பாஸ்புக்கை குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எங்கப்பா பத்திரமா வச்சதை நாங்க இன்னும் தேடிட்டு இருக்கோம்.